இருசப்பன் கேட்ட தண்ணி

அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுடுங்க சார். இந்த ரோட்டுல நாலு வரி படிச்சாப் போதும், தலை சுத்திடும். நானும் காலையிலயே பாத்துட்டேன் அந்தச் செய்திய. மெட்ராஸ்ல பட்டப்பகல்ல, டீக்கடை வாசல்ல, ரெண்டு பேரு பைக்ல வந்து சுட்டுட்டுப் போயிட்டானுங்க. முதல் பக்கம், கலர் போட்டோ. இதே ஒரு கிராமத்துல எவனாவது குண்டு பாஞ்சு செத்தா ஏழாம் பக்கத்துல, கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழ நாலு வரி. அதுவும் பேரு தப்பாப் போட்டிருப்பான். இதை நான் மேடையிலயே சொல்லியிருக்கேன் சார். கைதட்டு வாங்கின வரி இது.

என்னைத் தெரியலையா? நல்லா உத்துப் பாருங்க. சரி விடுங்க, ரெண்டு வருஷமா மேடை ஏறல, மறந்துதான் போவாங்க. நாச்சுடர் திருமேனி. பட்டிமன்றப் பேச்சாளர். சேலத்துல தமிழ் வாத்தியாரா இருந்து போன வருஷந்தான் ரிட்டயர் ஆனேன். வாத்தியார் வேலை சோத்துக்கு, மேடை மனசுக்கு. முந்நூத்துப் பதினாலு மேடை சார். மாரியம்மன் பண்டிகை, கும்பாபிஷேகம், ரோட்டரி கிளப், புத்தகக் கண்காட்சி, ஒரு தடவை ஜெயிலுக்குள்ள கூட. மாமியாரா மருமகளான்னு மட்டும் அறுபது தடவை பேசியிருப்பேன். முப்பது தடவை மாமியார் பக்கம், முப்பது தடவை மருமக பக்கம். ரெண்டு பக்கமும் ஜெயிச்சிருக்கேன்.

இப்ப கோர்ட்டுல இருந்து வர்றேன். பயப்படாதீங்க, குத்தவாளி இல்ல. சாட்சி. அரசுத் தரப்புச் சாட்சி. எதிர்ல குத்தவாளிக் கூண்டுல நின்னது யாருன்னா, என் பொஞ்சாதியோட கூடப்பொறந்த தம்பி. மாதையன்.

என்ன கேஸுன்னு கேக்கறீங்களா? துப்பாக்கி கேஸுதான். அதனாலதான் உங்க பேப்பரைப் பாத்ததும் வாய் சும்மா இருக்கல.

கருக்கம்பட்டின்னு ஒரு ஊரு, மலையடிவாரம். செம்பகத்துக்கு, அதான் என் பொஞ்சாதிக்கு, அதுதான் பொறந்த ஊரு. ஊரு முச்சூடும் மரவள்ளிக் கிழங்கு. மலையில இருக்கற பன்னி அத்தனைக்கும் அதுதான் சாப்பாடு. ஒரு கூட்டம் எறங்குச்சுன்னா ஒரு ஏக்கரா காலி. பட்டாசு வெடிச்சுப் பாத்தாங்க, பழைய சேலையக் கட்டிப் பாத்தாங்க, முடி வெட்டற கடையில இருந்து மயிரை மூட்டையா வாங்கியாந்து வரப்புல தூவிப் பாத்தாங்க. பன்னி தும்மிட்டு உள்ள வந்துடும். சுடணும்னா லைசென்சு வேணும். மாதையனோட அப்பாரு லைசென்சுக்கு எழுதிப் போட்டு, பதில் வர்றதுக்குள்ள செத்தே போயிட்டாரு. அப்பறம் என்ன, ஊருக்கு ஊரு நாட்டுத் துப்பாக்கிதான். குழாயில கருமருந்த இடிச்சுப் போட்டு, ஈய ரவையப் போட்டு, துணியத் திணிச்சுச் சுடறது. வீட்டுக்கு வீடு விட்டத்துல சொருகியிருக்கும். அண்டா குண்டா மாதிரி அதுவும் ஒரு சாமான்.

மாதையனும் இருசப்பனும் பக்கத்துப் பக்கத்துக் கிழங்குக் காடு. ஒண்ணாப் பள்ளிக்கூடம் போயி ஒண்ணா நின்னவங்க. இருசப்பன் பொண்ணு மாதையன சித்தப்பான்னுதான் கூப்பிடும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மார்கழி, விடியக்காலம், ஒரே பனி. மாதையன் காட்டுக் காவலுக்குக் கட்டின பரண்ல இருந்து எறங்கி வந்துக்கிட்டு இருந்திருக்கான். கிழங்குக் காட்டுக்குள்ள செடி ஆடியிருக்கு. கறுப்பா, குனிஞ்சாப்புல, பெருசா ஒண்ணு நகந்திருக்கு. சுட்டுட்டான். அது பன்னி இல்ல சார். குளுருக்குச் சாக்கைக் கொங்காடையா மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு, பன்னி கிளறிட்டுப் போன கிழங்கப் பொறுக்கிக்கிட்டு இருந்த இருசப்பன்.

ஓடிப் போயி சாக்கை வெலக்கிப் பாத்தானாம். மூச்சு இல்ல. நெஞ்சுலயே பாஞ்சிருக்கு. கண்ணு தொறந்தபடி, உயிரு அப்பவே போயிடுச்சு. இதை மாதையன் எங்கிட்டச் சொன்னது அதுக்கு அடுத்த மாசம், பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப. மதியம் கறிசோறு போட்டு உக்கார வெச்சா எலையத் தொடல. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காணிக்குக் கூட்டிட்டுப் போயி அழுதான். "மாமா, உங்க ஒருத்தர்கிட்டத்தான் சொல்றேன். நான் பக்கத்துல போறப்பவே அவன் இல்ல மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும், ஒண்ணும் சொல்லல"ன்னு அழுதான். அவன் கையப் புடிச்சுக்கிட்டு நானும் அழுதேன் சார். நான் கல்லு கெடையாது.

ஊருல என்ன பண்ணாங்க? கிணத்து மேட்டுல வழுக்கி விழுந்துட்டாருன்னு சொன்னாங்க. மத்தியானத்துக்குள்ள எரிச்சாச்சு. இருசப்பன் பொஞ்சாதி பெருமாயி. பொணத்தைக் குளிப்பாட்டினது அந்தம்மாதான். நெஞ்சுல இருந்த ஓட்டை அதுக்குத் தெரியாதா? தெரியும். மாதையன் போயி கால்ல விழுந்திருக்கான். அந்தம்மா, "எம்புள்ளைக்குத் தெரியக் கூடாது. அதைப் படிக்க வெச்சுரு"ன்னு சொல்லுச்சாம். அவ்வளவுதான். அதுக்கப்பறம் நாலு வருஷம், மொத உழவு அந்தம்மா காட்டுக்கு, அப்பறந்தான் தன் காட்டுக்கு. கிழங்கு புடுங்கறதும் அங்கதான் மொதல்ல. அந்தப் பொண்ணு கோகிலவாணிய நர்சிங் காலேஜுல சேத்து விட்டதும் அவன்தான். சாப்பாட்டு மூட்டை தூக்கிட்டுப் போயி ஹாஸ்டல் வாசல்ல நிப்பான். போலீஸ் ஒரு தடவை அறிவிச்சாங்க, கள்ளத் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க கோயில் வாசல்ல போட்டுட்டுப் போயிடுங்க, பேரு கேக்க மாட்டோம்னு. விடிஞ்சு பாத்தா பதினேழு கெடந்துச்சு. அதுல ஒண்ணு மாதையனோடது. எதுன்னு யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கல.

ஊரே வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு சார். ஊருன்னா முந்நூறு வீடு.

இதுல நான் எங்க வந்தேன்னு கேளுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வைகாசி மாசம், பக்கத்து டவுன்ல ஒரு விழா. அங்க ஒரு நிலத் தகராறுல ஒரு ரியல் எஸ்டேட்காரன சுட்டுட்டாங்க, ஊரே பரபரப்பா இருந்துச்சு. விழாக் கமிட்டி உடனே தலைப்பு வெச்சுட்டான்: துப்பாக்கி வன்முறை பெருகப் பெரிதும் காரணம் நகரமா, கிராமமா? நடுவர் பேராசிரியர் தணிகைநாதன். அவரு வேன்ல போறப்பதான் அணி பிரிப்பாரு. ஜன்னல் பக்கம் உக்காந்தவங்க எல்லாம் ஒரு அணி, உள்பக்கம் உக்காந்தவங்க ஒரு அணி. எனக்கு வாந்தி வரும்னு அன்னிக்கு நான் ஜன்னல் பக்கம் உக்காந்தேன். "திருமேனி, நீங்க கிராமம்"னுட்டாரு. உள்பக்கம் உக்காந்திருந்தா நான் நகரம் பேசியிருப்பேன். இந்தக் கேஸே வந்திருக்காது. யோசிச்சுப் பாருங்க.

நகரத்து அணியில ஒரு பொண்ணு, அருட்செல்வின்னு, சின்ன வயசு, வக்கீலு. என்னமா பேசுச்சு! நகரத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது, தெரியாதவனச் சுடறது சுலபம்னுச்சு. வேலையில்லாத பையன் கையில துப்பாக்கி வெச்சு வீடியோ போட்டா ஆயிரம் பேரு லைக் போடறான், வேலைக்குப் போனா எவன் லைக் போடறான்னுச்சு. நெலத்தோட வெல ஏற ஏற மனுசனோட வெல எறங்குதுன்னுச்சு. அடுக்கடுக்கா வருது. ஜனம் தட்டோ தட்டுன்னு தட்டுது. மொத வரிசையில இருந்த கமிட்டித் தலைவரு எந்திரிச்சு நின்னு சால்வையப் போத்திட்டாரு. பாதியிலயே! அது முறையே கெடையாது சார். எல்லாரும் பேசி முடிச்சாத்தான் சால்வை.

அப்பறம் நான். குறள்ல ஆரம்பிச்சேன். அசையல. மாமியார் ஜோக் ஒண்ணு சொன்னேன். பின்னாடி ஒருத்தன் கொட்டாவி விட்டான், எனக்குத் தெரியற மாதிரி. நானும் காரணமெல்லாம் சொன்னேன் சார். பன்னிய சொன்னேன், லைசென்சு குடுக்காதத சொன்னேன், வரப்புத் தகராறு, சாராயம், பங்காளிச் சண்டை, எல்லாம் சொன்னேன். கிராமத்துல துப்பாக்கி எடுக்கறவன் கொலைகாரன் இல்ல, குடியானவன்னு சொன்னேன். அது எங்க அணிக்கே எதிராப் போயிடுச்சு, நடுவரே சிரிச்சிட்டாரு. முந்நூறு மேடை பாத்தவனுக்கு நேத்து வந்த பொண்ணு முன்னாடி வாய் காய்ஞ்சு போச்சு. எனக்கு அவமானமா இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

அப்பத்தான் வாயில வந்துச்சு. "ஒரு ஊர். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு மார்கழி விடியல்." அவ்வளவுதான் சொன்னேன், கொட்டாவி விட்டவன் நிமிந்து உக்காந்தான்.

பேரு சொல்லல சார். சத்தியமா ஒருத்தர் பேரும் சொல்லல. ஊரு பேரும் சொல்லல. சாக்கைச் சொன்னேன், கொங்காடையச் சொன்னேன், கிழங்கப் பொறுக்கிக்கிட்டு இருந்ததச் சொன்னேன். கிணத்து மேட்டுக் கதையச் சொன்னேன், குளிப்பாட்டின பொஞ்சாதியச் சொன்னேன். பேரு மட்டும் சொல்லல. இதுல என் தப்பு என்ன?

சாக்கை வெலக்கிப் பாத்தான்னு சொல்லி நிறுத்தினேன். கூட்டம் மூச்சு விடல. அந்த எடத்துல, "மூச்சு இல்லை, இறந்துவிட்டான்"னு சொன்னா என்னாகும்? பொத்துனு விழுந்துடும் சார், பேச்சு. அந்த எடத்துக்கு ஒண்ணு வேணும். மேடை கேக்குது. அதனால சொன்னேன். "நண்பனின் மடியில் தலை வைத்து, அவன் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர். ஒரு வாய்த் தண்ணீர். கொடுக்கவில்லை அவன். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, உயிர் அடங்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். இதுதான் ஐயா கிராமம்!"

பொம்பளைங்க முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைக்கறாங்க. அந்த அருட்செல்வியே தொடச்சுச்சு. கைதட்டு நிக்கவே ரெண்டு நிமிசம் ஆச்சு. எனக்கும் சால்வை வந்துச்சு, ஒண்ணுக்கு ரெண்டு.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. அது பொய் இல்ல சார். மெருகு. நகைய வாங்கிட்டு வர்றப்ப பாலீஷ் போட்டுத்தான குடுப்பான், அப்படித்தான்.

தீர்ப்பு என்னாச்சுன்னா, நகரமும் இல்ல கிராமமும் இல்ல, மனிதனின் மனமே காரணம்னு சொல்லி நடுவர் முடிச்சு வெச்சாரு. அவரு எப்பவும் அப்படித்தான். மாமியார் மருமகளுக்கும் அதே தீர்ப்புதான்.

அந்த விழாக்காரங்க எல்லாத்தையும் வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டுட்டாங்க. நான் பேசினத மட்டும் தனியா வெட்டி, சோகமா மியூசிக் வேற சேத்து. எனக்கும் அனுப்பினாங்க. நானும் நாலு குரூப்புல போட்டேன், ஏன் பொய் சொல்லணும். பத்தே நாள்ல கோகிலவாணி கையில கெடச்சிருச்சு. ஹாஸ்டல்ல கூடப் படிக்கற பொண்ணு காட்டியிருக்கு, "பாவம்டி, கேளு"ன்னு. மார்கழி, கொங்காடை, கிணத்து மேடு, பேசறது செம்பகம் அத்தை வீட்டு மாமா. அதுக்குப் புரியாதா?

நேரா அம்மாகிட்டப் போயிருக்கு. பெருமாயி அழுதிருக்கு, இல்லன்னு சொல்ல முடியல. "உங்கப்பன் அப்பவே போயிட்டாரு கண்ணு, கை தவறி நடந்துச்சு"ன்னு சொல்லிப் பாத்திருக்கு. அந்தப் பொண்ணு நம்பல. நர்சிங் படிக்கற பொண்ணு சார். தண்ணி கேக்கற அளவுக்கு நெனவு இருந்துச்சுன்னா எவ்வளவு நேரம் உயிரு இருந்திருக்கும், என்ன பண்ணியிருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு அதுக்குப் பாடத்துலயே இருக்கு. "தெரியாமச் சுட்டத நான் மன்னிச்சிடுவேம்மா. தண்ணி கேட்ட மனுசன சாக விட்டுட்டு எனக்குச் சோறு கொண்டாந்து குடுத்தாரா சித்தப்பா?"ன்னு கேட்டுச்சாம். மறுநாள் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுச்சு.

அப்பறம் எல்லாம் சரசரன்னு போச்சு. மாதையன பிடிச்சுட்டுப் போனாங்க. மூணு மாசம் கழிச்சு ஜாமீன். ஊருக்குள்ள போகக் கூடாது, டவுன்லயே தங்கித் தினம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். ரெண்டு காடும் பாழாக் கெடக்கு. பன்னி இப்பப் பகல்லயே மேயுதாம், கேக்க ஆளில்ல. பொண்ணு காலேஜை விட்டுடுச்சு, மாதையன் சேத்து விட்ட படிப்பு வேணாம்னு. சேலத்துல ஒரு ஜவுளிக்கடையில நிக்குது. அம்மாவும் பொண்ணும் பேசிக்கறதில்ல. பெருமாயி கோர்ட்டுல வந்து, கிணத்து மேட்டுலதான் விழுந்தாருன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. பொணம் இல்ல, துப்பாக்கி இல்ல, பாத்த ஆளு இல்ல. கேஸுல மிச்சம் இருக்கறது என் வாய் மட்டும்தான் சார்.

என்னையும் யாரும் மேடைக்குக் கூப்பிடறதில்ல. கேஸுல இருக்கறவரைக் கூப்பிட்டா வம்புன்னு சொல்றாங்களாம். ரெண்டு வருஷம் சார். முந்நூத்துப் பதினாலோட நிக்குது. எனக்கு யாரு நியாயம் சொல்றது?

செம்பகம் எங்கிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு. மாதையனுக்குப் பொங்கிப் போடறதுக்காக அந்த டவுன்லயே ரூம் எடுத்துத் தங்கிட்டா. நேத்து வீட்டுக்கு வந்தா. வாசப்படி ஏறல. நின்ன எடத்துலயே சொன்னா. "நீங்க பொய் சொல்ல வேணாம். அவன் சுடலைன்னு சொல்லுங்கன்னு நான் கேக்கல. அவன் உங்ககிட்டச் சொன்னத அப்படியே சொல்லுங்க. பக்கத்துல போறப்பவே உயிரு இல்லன்னுதான அவன் சொன்னான்? அந்தத் தண்ணி நீங்க சேத்ததுதான? அதை மட்டும் சொல்லிடுங்க. அந்தப் புள்ளையும் கேக்கட்டும். வாழ்நாள் முச்சூடும் ரெண்டு பக்கமும் பேசினீங்க. நாளைக்கு ஒரு நாளு, யாரு பக்கமும் பேசாம, நடந்தத மட்டும் சொல்லுங்க."

சரின்னேன். மனசார சரின்னேன் சார். ராத்திரி சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஒரே ஒரு வரிதான். "தண்ணீர் கேட்டதாக நான் சொன்னது என் கற்பனை." எட்டாங்கிளாஸ் பையன் சொல்லிடுவான்.

இன்னிக்குக் காலையில கோர்ட்டு டவாலி மூணு தடவை கூப்பிட்டாரு. "திருமேனி, திருமேனி, திருமேனி." உள்ள போறேன், கோர்ட்டு நெறஞ்சு கெடக்கு. வேற கேஸுக்கு வந்த ஜனம், கறுப்புக் கோட்டு வக்கீலுங்க, கருக்கம்பட்டியில இருந்து ஒரு வேன் ஆளு. ஒரு எளவட்ட வக்கீலு பக்கத்துல இருந்தவன் தோளைத் தட்டி, "நாச்சுடர்டா, நாச்சுடர்"னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஜட்ஜ் அம்மா நிமிந்து பாத்து, "சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கணும்"னாங்க.

எல்லாருக்கும் கேக்கணும்னு என்கிட்டச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு சார்.

அரசு வக்கீலு கேட்டாரு, குத்தவாளி உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு. சொன்னேன். நல்லாத்தான் ஆரம்பிச்சேன். மார்கழி, பனி, செடி ஆடினது. சாக்கை வெலக்கினான்னு சொல்லி நிறுத்தினேன். பழக்கம் சார், அந்த எடத்துல நிறுத்தறது. ஃபேன் சத்தம் கூடக் கேக்குது. அத்தனை கண்ணும் என் வாயையே பாக்குது. மாதையன் பாக்கறான், செம்பகம் பாக்கறா, அந்தப் பொண்ணு கோகிலவாணி கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்குது. சொல்லிடலாம், ஒரே வரி.

"தண்ணீர் கேட்டான் ஐயா"ன்னேன். அதோட விட்டேனா? "பெருமாயி, பெருமாயி என்று மனைவியின் பெயரை இரண்டு முறை அழைத்தான். அந்தக் குரல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று"ன்னுட்டேன்.

எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. மேடையில கூட அது இல்ல. இன்னிக்குப் புதுசு.

ஜட்ஜ் அம்மா எழுதறத நிறுத்திட்டுப் பாத்தாங்க. அரசு வக்கீலு, "கால் மணி நேரம் உயிரோட இருந்தாரு, அப்படித்தானே?"ன்னு ரெண்டு தடவை கேட்டு டைப் பண்ண வெச்சாரு. மாதையன் தரப்பு வக்கீலு நல்ல மனுசன், வயசானவரு. எந்திரிச்சு எனக்குக் கதவத் தொறந்தே விட்டாரு. "ஐயா, நீங்க பேச்சாளர். மேடைக்காக நாலு சேத்துச் சொல்லுவீங்க, அது தப்பில்ல. இந்தத் தண்ணியும் அப்படிச் சேத்ததுதானே?"ன்னாரு. ஆமான்னு ஒரு வார்த்தை. ரெண்டு எழுத்து.

"திருமேனி முந்நூத்துப் பதினாலு மேடையில் பொய் பேசியதில்லை"ன்னேன்.

பின்னாடி எவனோ ஒருத்தன் கை தட்டிட்டான் சார். கோர்ட்டுல! ஜட்ஜ் அம்மா அதட்டினாங்க. எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. அந்த நிமிசம் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இதை வேற யாருகிட்டயும் நான் சொல்ல முடியாது, நீங்க யாருன்னே தெரியாது, அதனால சொல்றேன்.

அப்பறம்தான் மாதையனப் பாத்தேன். அவன் அழல. கோபமும் இல்ல. கூண்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தரையப் பாத்துட்டு நின்னான். செம்பகம் எந்திரிச்சு வெளிய போயிட்டா. டைப் பண்ணினத என்கிட்ட நீட்டினாங்க, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சு, அதையும் திருத்திக் குடுத்தேன்.

வெளிய வந்து, கோர்ட்டு வாசல்லயே இருக்கற பஸ் ஸ்டாப்புல நின்னேன். அந்தப் பொண்ணு பின்னாடியே வந்துச்சு. நாலடி தள்ளி நின்னுக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் கிட்ட வந்து, "மாமா, ஒண்ணு கேக்கணும்"னுச்சு. "அன்னிக்கு மேடையில, எங்கப்பா கடைசியாக் கேட்டது தண்ணி ஒண்ணுதான்னீங்க. இன்னிக்கு அம்மா பேரைச் சொன்னதாச் சொல்றீங்க. எது மாமா கடைசி?"

என்ன சொல்றது சார்? அது மொகத்தப் பாத்தேன். இருவது வயசு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. காலையில இருந்து எதுவும் சாப்பிட்டிருக்காது. எனக்குப் பாவமா இருந்துச்சு. நெசமாவே பாவமா இருந்துச்சு, அதுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சு. "ரெண்டுமில்லம்மா"ன்னேன். "தண்ணி கேட்டாரு, அம்மா பேரைச் சொன்னாரு. கடைசியா அவரு வாயில வந்தது உன் பேருதான். கோகிலா, கோகிலான்னு சொல்லித்தான் கண்ண மூடினாரு. கோர்ட்டுல சொன்னா நீ தாங்க மாட்டேன்னு விட்டுட்டேன்."

அழும்னு நெனச்சேன். அழுதா தலையில கை வெச்சு ரெண்டு வார்த்தை சொல்லலாம்னு இருந்தேன். அழல. என்னையே பாத்துச்சு.

"கோகிலான்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"எங்கப்பா ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல மாமா. பள்ளிக்கூடத்துல வெச்ச பேரே அவருக்குச் சரியா வராது. வீட்டுல எனக்கு வேற பேரு."

நான் பஸ் வர்ற பக்கம் திரும்பிப் பாத்தேன். அது இன்னும் கிட்ட வந்துச்சு. என் சட்டைக் கையப் புடிச்சுக்கிச்சு. உள்ள கோர்ட்டுல மாதையன திரும்பவும் கூப்பிடற சத்தம் கேக்குது.

"அப்ப அவரு தண்ணியும் கேக்கலையா மாமா?"ன்னு கேட்டுச்சு.

நம்ம பஸ்சு வந்துடுச்சு சார். ஏறிட்டேன்.